ஈஸ்ட் பிரன்ஸ்விக் வழியில் காணாமல் போன நடிகர்

ஹைவே ஓரக் கடையில் காபி வாங்கித் திரும்புவதற்குள் அவரைக் காணவில்லை. எழுபத்தெட்டு வயது பிரெஞ்சு நடிகர். ஐம்பது வருடம் சினிமா, மேடை. புதுச்சேரிக்காரி நான், அவருடைய மொழிபெயர்ப்பாளர். ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரில் அவர் நடிக்கும் நாடகம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்தான்.

நானும் கார் ஓட்டி வந்த சலீமும் தேடி ஓடுகிறோம். லாரிகளுக்கு நடுவே நின்று, சாண்ட்விச் தின்னும் ஒரு டிரைவர் முன்னால் அவர் வசனம் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"அதான் கிடைச்சிட்டாரே மேடம், இன்னும் ஏன் டென்ஷன்?"

"இது அவர் முப்பது வயசுல நடிச்ச நாடகம், சலீம். இன்னைக்கு நடிக்க வேண்டியது வேற."

காரில் ஏறியதும் இன்றைய முதல் வரியை மெதுவாக எடுத்துக் கொடுக்கிறேன். திருப்பிச் சொல்கிறார். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.