ஊர் முழுக்க ஒண்ணாம் நம்பர்

உள்ளங்கை அளவுதான் இருக்கும் அந்தப் புத்தகம். மூக்கில் வைத்தால் புது பிளாஸ்டிக் வாசனையும் வாப்பா பெட்டியின் சோப்பு வாசனையும் சேர்ந்து அடிக்கும்...

வாப்பா சவூதியில் ஒரு வீட்டில் டிரைவர். ஒரு தடவை லீவில் வந்தபோது எனக்கு ஒரு விண்வெளி வீரன் பொம்மை வாங்கி வந்தார். விரல் நீளம், நீலக் கவசம். பொம்மை ஒரு மாதத்தில் கை உடைந்து போனது. அதோடு சும்மா கொடுத்த காமிக்ஸ்தான் நிலைத்தது.

பாதி இங்கிலீஷ், பாதி அரபு. அரபு எழுத்தைப் பார்த்ததும் உம்மா பதறிவிட்டார். "தரையில வைக்காதே புள்ளே, கால் பட்டுடப் போவுது" என்று அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டார். உள்ளே பச்சைப் பூதம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைக் காட்டினேன். பூதமாவது ஒண்ணாவது, எழுத்து எழுத்துதான்!

கதை சின்னதுதான். நீலக்காரன் தன் ஊரைவிட்டுப் போருக்குக் கிளம்புவான். வாசலில் அவன் மகள் நிற்பாள். கடைசிப் பக்கத்தில் அவன் விண்கலம் தீப்பிடித்துக் கீழே விழும். அடுத்தது இரண்டாம் நம்பரில் என்று போட்டு முடித்துவிடுவார்கள். பாவிகள்.

நானும் விடவில்லை. அதிராம்பட்டினத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எத்தனை? தெருத் தெருவாகக் கேட்டேன். துபாய்க்காரர் வீட்டில் இருந்தது, ஒண்ணாம் நம்பர். குவைத்காரர் வீட்டில் இரண்டு இருந்தன, இரண்டுமே ஒண்ணாம் நம்பர். என் பெஞ்சுத் தோழி வனிதா பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் வீட்டுப் பெண். அவள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததில் சீன எழுத்து இருந்தது. ஆசையாகத் திறந்தால்... அதே நீலக்காரன், அதே தீ.

உலகம் பூராவும் போன புத்தகம் அது. ஆனால் இரண்டாம் நம்பர் பெரிய விண்கலப் பெட்டிக்குள் மட்டும்தான் வருமாம். எங்கள் ஊர் வாப்பாக்கள், சித்தப்பாக்கள் எல்லாரும், சொல்லி வைத்த மாதிரி, இருப்பதிலேயே சின்னப் பொம்மையைத்தான் வாங்கியிருந்தார்கள்.

வனிதாவுக்கு நான் அரபு வரிகளை ஓதிக் காட்டுவேன். மதரஸாவில் எழுத்துக் கூட்டப் படித்திருந்தோமே தவிர, அர்த்தம் யாருக்குத் தெரியும்? அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன்.

அப்போதெல்லாம் வாப்பாவுக்கு கேசட்டில் பேசி அனுப்புவோம். உம்மா பேசி முடித்து, கடைசி இரண்டு நிமிடம் எனக்கு. "நல்லா இருக்கீங்களா" என்றுகூடக் கேட்கவில்லை நான். எடுத்த எடுப்பில், "வாப்பா, ரெண்டாம் நம்பர் வேணும். அந்த நீலக்காரன் வீட்டுக்கு வந்தானா இல்லையா?" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

லீவில் வந்த ஒருவர் கையில் பதில் கேசட் வந்தது. புத்தகம் இல்லை. ஆனால் முழுக் கதையையும் வாப்பா தன் குரலிலேயே சொல்லியிருந்தார்! நீலக்காரன் மணல்காட்டில் விழுந்தானாம். நடந்தே வந்தானாம். பெருநாளைக்கு முதல் நாள் வீடு சேர்ந்தானாம். மகளுக்கு அத்தரும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னும் கொண்டு வந்தானாம்.

மறுநாள் வகுப்பில் நான்தான் ராணி. ஊரிலேயே முடிவு தெரிந்த ஒரே ஆள் நான். வனிதா மட்டும் குறுக்கே கேட்டாள், "விண்வெளிக்காரன் எதுக்குடி பிஸ்கட் டின் வாங்கிட்டு வர்றான்?" ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அந்தப் பெருநாளுக்கு வாப்பா வரவில்லை. அடுத்த வருஷம்தான் லீவாம் என்றார் உம்மா. எனக்கு அழுகையாக வந்தது. கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிறகு அதே கேசட்டில்தான் உம்மா அடுத்த பதிலைப் பேசி அனுப்பினார். வாப்பா சொன்ன கதை அதோடு அழிந்துபோனது.

போன மாதம் என் மகன் போனில் எதையோ தேடப்போய், அந்த வரிசை முழுவதையும் யாரோ ஸ்கேன் செய்து போட்டிருப்பதைக் கண்டுபிடித்தான். எல்லா நம்பரும், சும்மா! இத்தனை வருஷம் கழித்து இரண்டாம் நம்பரைத் திறந்தேன்.

மணல்காடு இல்லை. பெருநாள் இல்லை. நீலக்காரன் வீட்டுக்குப் போகவே இல்லை. வேறொரு கிரகத்துக்குக் காவல் நிற்கிறான். கடைசிப் படத்தில் தன் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வாப்பா ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். போனைக் கையில் கொடுத்து, "இந்தப் புக்க நீங்க பார்த்ததே இல்லைல்ல வாப்பா?" என்று கேட்டேன்.

வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பார்த்தேம்மா. நான் வண்டி ஓட்டுன வீட்டுப் புள்ள கார் பின்சீட்டுல விட்டுட்டுப் போயிருந்துச்சு. படத்தைப் பார்த்தாலே புரிஞ்சுது. அந்த வருஷம் எனக்கும் லீவு இல்லன்னுட்டாங்க... ரெண்டையும் ஒண்ணா உங்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

அவர் டீயை எடுத்துக்கொண்டார்.

என் மகனுக்கு எல்லா நம்பரும் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. அவன் வாப்பா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

வனிதா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பிஸ்கட் டின் விஷயத்தில் நீ கேட்டது சரிதான்டி. ஆனால் வகுப்பில் சொன்ன முடிவை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. நீலக்காரன் வீட்டுக்கு வந்துவிட்டான்.