பத்திரமாக இருந்த போத்தல்

கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். கல்யாணமான புதிதில் காட்டுகிறேன் என்று சொன்ன மனுஷன், பிள்ளை அஞ்சாம் வகுப்புக்கு வந்த பிறகும் மழையைச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் கோபம் வராதா?

சாக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. பசறைக்கு மேலே, மண்சரிவு அபாயம் என்று பலகை நட்ட மலைக்கு அடியில்தான் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். மழையை அளக்க அதிகாரிகள் ஒரு பிளாஸ்டிக் போத்தல் கொடுத்திருந்தார்கள். வாசலுக்கு எதிரே கம்பத்தில் திறந்தபடி நிற்கும். தண்ணீர் அதன் சிவப்புக் கோட்டைத் தொட்டால் பன்னிரண்டு வீட்டு ஆட்களும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் வீட்டுக்காரருடையது.

ஹல்துமுல்லையிலிருந்து நாத்தனார் வந்து தங்கியதும் எனக்கு வழி கிடைத்தது. மகளுக்குப் பரீட்சை, அவள் அத்தையோடு இருக்கட்டும், இரண்டே நாள் என்றேன். கிளம்பும்போது இவர் தன் அக்காவுக்குப் போத்தலைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். இவர் விளக்கி முடிப்பதற்குள் பஸ் மொனராகலைக்கே போய்விடும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, படியிலிருந்து நானே சத்தம் போட்டுச் சொன்னேன்.

“அண்ணி, அந்தப் போத்தல பத்திரமா பாத்துக்குங்க.”

பொத்துவிலில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். இரவு போன் பேசியபோது ஊரில் தூறல் மட்டும்தான் என்றாள் மகள். மறுநாள் காலையில் ஆளில்லாத கடற்கரைக்கு ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். இரண்டு பக்கமும் முட்செடி. பாதையில் யானை லத்தி கிடந்தது. இவர் குனிந்து பார்த்து, இன்னும் காயவில்லை என்றார். அதற்குப் பிறகு நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கடைசிக் குடிசையைத் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது.

இரண்டு மணி நேரம் நடந்து கடலைப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. காலை நனைத்தேன், சேலையை நனைத்தேன், பைத்தியக்காரி மாதிரிச் சிரித்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இவர் மட்டும் சற்றுத் தள்ளி, ஆறு கடலில் விழும் இடத்தில் அசையாமல் நின்றார்.

போய்ப் பார்த்தேன். அது எங்கள் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி வரும் ஆறு. வற்றிக் கிடக்கிறது, நடந்தே கடக்கலாம் என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தார்கள். இப்போது செக்கச்செவேலென்ற தண்ணீர் கடலைத் தள்ளிக்கொண்டு போனது. அதில் புரண்டு புரண்டு, கிளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டிய ஒரு தேயிலை மரம் வேரோடு வந்தது.

“நம்ம பக்கத்து மண்ணு,” என்றார் இவர். “வா, போவோம்.”

வந்த பாதையில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். குடிசை தெரிந்ததும் போன் உயிர்பெற்றது. நாத்தனார்தான் எடுத்தார். போத்தலில் எவ்வளவு தண்ணீர் என்று இவர் கேட்டார்.

“ஒரு சொட்டு இல்ல தம்பி. ராத்திரி பூரா பேய் மழ, இன்னும் விடல. தொடங்குனதுமே உள்ள எடுத்து, தொடச்சு, அலுமாரியில வச்சிட்டேன். பத்திரமா இருக்கு.”

இவர் என்னைப் பார்க்கவில்லை. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு இறங்கு, எல்லார் கதவையும் தட்டு என்று கத்தினார். இவர் கத்தி முடிப்பதற்குள் லைன் அறுந்தது. அப்புறம் கிடைக்கவே இல்லை.

பஸ்ஸில் நான் வேண்டாத சாமி இல்லை. பசறைக்கு முன்னாலேயே பாதை அடைபட்டிருந்தது. மிச்சத்தைச் சேற்றில் நடந்தோம். பொழுது சாயும்போது, லயம் இருந்த இடம் தெரிந்தது. கூரைத் தகரம் ஒன்று மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வாசலில் மகள் ஓடிவந்து இவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வீட்டு ஆட்களும் உள்ளே இருந்தார்கள். கோடி வீட்டுத் தாத்தா மட்டும் இல்லை. கால் முடியாதவர். தூக்க ஆட்கள் திரும்பிப் போவதற்குள் மலை இறங்கிவிட்டது. நேரத்தோடு தெரிந்திருந்தால் முதலில் அவரைத்தான் தூக்கியிருப்பார்கள்.

நாத்தனார் முந்தானைக்குள்ளிருந்து போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஒண்ணுமே எடுக்கல. இத மட்டும் கொண்டாந்துட்டேன். நீ சொன்னியே.”

கோடி வீட்டு மகள் எழுந்து வந்தாள். கம்பத்திலிருந்து அதைக் கழற்றியது யார் என்று கேட்டாள். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்.”