இன்னொருத்தி போட்ட கட்டு

கட்டு மாற்றும் தொழிலில் சீழ் வாசனைகூட ஒரு மாதத்தில் பழகிவிடும். நமக்கு முன்னால் இன்னொருத்தி போட்டுவிட்டுப் போன கட்டுதான் பழகாது. எழுபதுகளின் கடைசியில் நான் தில்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ட்யூட்டி முடிந்ததும் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் நம்மவர்கள் வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றுவேன். வீட்டில் படுத்திருப்பவருக்கு நீங்களும் இதைச் செய்திருந்தால் நான் சொல்லப்போவது புரியும். முதுகு ஒடிவது நமக்கு. பெயர் வாங்குவது வேறு யாரோ.

சிக்கரி கலக்காதது

சீனிவாசன் மாமா செக்‌ஷன் ஆபீசர். பழைய சர்க்கரைக்காரர். ஜனவரிக் குளிரில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது, சூடு தெரியவில்லை. காலையில் குதிகாலில் பெரிய கொப்புளம். அது உடைந்து, நாள்பட்டு, ஆழமாகப் போனால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தால் புண்ணே தெரியவில்லை. கறுப்பாக எதையோ அப்பியிருந்தார்கள். காய்ச்சி ஆறிய உப்பு நீரில் நனைத்து நனைத்து எடுத்தேன். காப்பிப்பொடி. ரத்தம் நிற்க மாமி வைத்தது. இதையெல்லாம் புண்ணில் வைக்கலாமா என்று கேட்டதற்கு மாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஐ.என்.ஏ. மார்க்கெட்ல கண்ணெதிர வறுத்து அரைச்சது சிஸ்டர். சிக்கரி ஒரு துளி கிடையாது.”

ஜாயின்ட் செக்ரட்டரி

புண்ணை விட எனக்குப் பயம் அந்த வீட்டுத் தரைமேல்தான். உணர்ச்சி இல்லாத கால் எதை மிதித்தாலும் தெரியாது. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள் என்றேன். சமையலறை அலமாரியில் சுவாமி படங்கள். அதற்குப் பக்கத்தில்தான் அவருடைய சாப்பாட்டு இடம். ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் சொன்னேன். தன்மையாகச் சொன்னேன், பயமுறுத்திச் சொன்னேன், வெட்டப்பட்ட கால்களைப் பற்றிச் சொன்னேன். மாமா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். “ஜாயின்ட் செக்ரட்டரியே வந்து சொன்னாலும் ஆத்துக்குள்ள செருப்புப் போட மாட்டேன். நீங்க கட்டை மட்டும் போடுங்கோ.”

தூஸ்ரீ வாலி

எனக்கு நைட் ட்யூட்டி வந்தது. அந்த நாட்களுக்கு என் வார்டிலேயே வேலை பார்த்த பிலோமினாவை அனுப்பினேன். நாகர்கோவில்காரி. அனுப்பியது நானேதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

திரும்பப் போனபோது மாமி காப்பி கொடுத்துவிட்டு பிலோமினாவைப் பற்றியே பேசினாள். கீழே உட்கார்ந்து மாமாவின் காலை மடியில் வைத்துக்கொள்வாளாம். பேசிக்கொண்டே இருப்பாளாம். கட்டு அவிழ்ப்பதே தெரியாதாம், வலிக்கவே இல்லையாம். வெந்நீர்ப் பை சுட்டதே தெரியாத கால். அதில் பிலோமினா வலிக்காமல் கட்டுகிறாள்! நான் காப்பியைக் குடித்தேன்.

ஆனால் அன்றைக்கு முதல் அடி வாசலிலேயே விழுந்திருந்தது. கதவைத் திறந்தவள் மாமாவின் பெண் உஷா, தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்க, உள்ளே திரும்பிக் கத்தினாள். “அம்மா, சிரிக்கிற சிஸ்டர் நஹீ, தூஸ்ரீ வாலி வந்திருக்கா!” தூஸ்ரீ வாலி என்றால் இன்னொருத்தி.

அவிழ்த்துப் பார்த்தேன்

ஏதாவது ஒரு தப்பு இருந்தால் போதும் என்றுதான் கட்டை அவிழ்த்தேன். துணிச் சுற்று ஒன்றின்மேல் ஒன்று பின்னல் மாதிரி ஏறியிருந்தது. இறுக்கமில்லை, தொய்வில்லை. புண்மேல் வைக்கும் காஸ் துணியை, நான் மாமிக்குச் சொல்லிக்கொடுத்தபடியே இட்லிப் பானையில் ஆவிகாட்டி வைத்திருந்தார்கள். மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. புண் சிவந்து, ஈரமாக, ஓரத்தில் இளந்தோல் கட்டியிருந்தது. குளிரில் வெடித்திருந்த பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள். விரல் இடுக்கிலும் எண்ணெயை விட்டிருப்பாள், ஈரம் ஊறியிருக்கும் என்று விரித்துப் பார்த்தேன். அங்கே சுத்தமாகத் துடைத்து உலரவைத்திருந்தாள்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மோசமாகிவிட்டதா, காலை எடுக்கணுமா என்று கேட்டார். இல்லை மாமா, நன்றாக ஆறுகிறது என்றேன். அவர் நம்பவில்லை. “அப்புறம் ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?”

பொட்டு வைத்த செருப்பு

கட்டு முடிந்ததும் மாமா எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து அகலமான ரப்பர் செருப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். குனிந்து பார்த்தேன். புதுச் செருப்பு. வார்களில் சந்தனம், குங்குமம்.

பிலோமினா மாதா கோவிலுக்குப் போகிறவள். அவள்தான் யோசனை சொன்னாளாம்: வெளியில் ஒரு தடவைகூடப் போடாத செருப்பாக வாங்குங்கள், சுவாமி முன்னால் வைத்துப் பொட்டு வையுங்கள், அப்புறம் அது செருப்பில்லை, உங்கள் ஸ்கூட்டர் மாதிரி. மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டுவிட்டது. ஒரு காலைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். ரப்பரில் உஷாவின் உடைந்த வளையல் துண்டு ஆழமாகக் குத்தி நின்றது. வெறுங்காலாக இருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். இதைத்தானே நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன் என்றேன். மாமா பெருந்தன்மையாகத் தலையாட்டினார். “நீங்க செருப்புன்னு சொன்னேள். அவ ஆயுத பூஜைன்னா சொன்னா!”

மந்திர் மார்க்

அடுத்து மந்திர் மார்க்கில் ஒரு வாத்தியாரம்மா. அவருக்கும் சர்க்கரை, காலில் புண், அதே பிடிவாதம் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிலோமினாவின் பெயரைச் சொல்லவேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. புதுச் செருப்பு, சந்தனம், குங்குமம், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் என் சொந்தச் சரக்காகவே எடுத்துவிட்டேன். நன்றாகத்தான் சொன்னேன், இடையில் சிரிக்கக்கூடச் செய்தேன்.

வாத்தியாரம்மா முழுதும் கேட்டார். பிறகு புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கினார். காலில் நீல ரப்பர் செருப்பு, வாரில் வட்டமாகக் குங்குமம். “பிலோமினா உங்ககிட்டயும் சொல்லிட்டாளா சிஸ்டர்? யாருக்கும் ஒளிக்கமாட்டா, தங்கமான பொண்ணு.”

சித்திரை பிறப்பதற்குள் மாமாவின் குதிகால் ஆறிவிட்டது; என் மூஞ்சிதான் இன்னும் அப்படியே இருக்கிறதாம்.