புடவை படுத்துப் போன மேல் பெர்த்

ராத்திரி ரயில் பயணத்தைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைப் பார்த்தால், இவர்கள் ஒருநாளும் கக்கூஸுக்குப் பக்கத்துப் பெர்த்தில் படுத்ததில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நான் படுத்திருக்கிறேன். கதவு விடிய விடிய அடித்துக்கொள்ளும். எதிரில் ஒருவர் குறட்டை விடுவார். அவரை எழுப்பவும் மனசு வராது, நமக்குத் தூக்கமும் வராது. நடுப் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார்ந்தால் மண்டை இடிக்கும். இத்தனையும் தெரிந்தும், இன்றைக்கும் போனில் டிக்கெட் போடும்போது என் விரல் மேல் பெர்த்தைத்தான் தேடுகிறது. அங்கே ஏறி, மின்விசிறிக் கூண்டின் மேல் செருப்பை வைத்துவிட்டுப் படுத்தால் போதும், அப்புறம் உலகத்துச் சண்டை எல்லாம் கீழே நடக்கிற சமாசாரம்.

அப்படிப்பட்ட மேல் பெர்த்தை என் ஒன்பதாவது வயதில் ஒரு புடவையிடம் பறிகொடுத்தேன்.

அத்தைக்குக் கல்யாணம். அப்பாவுக்கு ஒரே தங்கை. வயது முப்பத்திரண்டு. ஆரணியில் எங்கள் தெருவில் அந்த வயதில் ஒரு பெண் கல்யாணம் ஆகாமல் இருந்தால், தெருவுக்கு வேறு பேச்சே வேண்டாம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. ஒன்றை அவர்கள் வேண்டாம் என்றார்கள். இன்னொன்றை இவள் வேண்டாம் என்றாள். இரண்டாவதைத்தான் தெரு மன்னிக்கவே இல்லை. மூன்றாவதாக வந்தது திருவனந்தபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அத்தை "சரி" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த நிமிஷத்தில் மாற்றிச் சொல்வாளோ என்று அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

மாப்பிள்ளை ஊரில்தான் கல்யாணம். "நீங்கதான் ஆரணிக்காரங்களாச்சே" என்று சொல்லி, தாலி கட்டும்போது உடுத்தும் கூறைப்புடவையையும் அவர்கள் எங்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அப்பா பட்டு நெசவாளி, அவரே தறியில் உட்கார்ந்து நெய்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. சொந்தக்காரர்கள் எல்லாம் மறுநாள் வேனில் வருவதாக ஏற்பாடு. அத்தைக்கு வேன் ஆகாது, ஆரணி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். அதனால் அப்பா, அம்மா, அத்தை, நான், நான்கு பேர் மட்டும் ரயிலில். காட்பாடியில் ராத்திரி ஏறினால் மறுநாள் மத்தியானம் போய்ச் சேரும் வண்டி. எனக்கு மேல் பெர்த் என்று அப்பா ஒரு மாதம் முன்னாலேயே வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் நான் அதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

ரயிலில் ஏறினதும்தான் வம்பு ஆரம்பித்தது. சின்னதாக மடித்தால் சரிகை ஒடிந்துவிடும் என்று அப்பா புடவையை அகலமாக மடித்து, பெரிய அட்டைப் பெட்டியில் படுக்க வைத்திருந்தார். அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளக் கூடாது, அங்கே செருப்பு இருக்கிறது. கீழ்ப் பெர்த்தில் வைக்கக் கூடாது, அதற்கு மேலே ஆள் படுப்பார்கள். "தாலி ஏறாத கூறப்புடவைக்கு மேல யாரும் காலு நீட்டக் கூடாது" என்றாள் அம்மா. தனக்கு மேலே யாருமே இல்லாத இடம் ரயிலில் ஒன்றே ஒன்றுதான்.

"அது என் இடம்!" என்று கத்தினேன்.

"அர டிக்கெட்டுக்கு இம்மாம் அதிகாரமா? அத்தைகூடப் படு" என்றாள் அம்மா. அப்பா என்னைப் பார்க்காமலே பெட்டியை மேலே ஏற்றி, போர்வையைச் சுற்றி அணை கொடுத்தார்.

டிக்கெட் பரிசோதகர் வந்து எண்ணிப் பார்த்தார். "மேல யாரு?"

"புடவைங்க சார்" என்றார் அப்பா.

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். இடம் கிடைக்காமல் உட்கார்ந்துகொண்டே வருகிற ஒருவருக்கு அந்தப் பெர்த்தைக் கொடுக்கலாமே என்றார். அம்மா விடுவாளா? "நாளன்னிக்கு முகூர்த்தம் சார். உங்க வூட்டுப் பொண்ணுதுன்னா அது மேல ஆளப் படுக்க வெப்பீங்களா?" மனிதர் பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "புடவைக்கு டிக்கெட் இருக்கு, தூங்கட்டும்" என்று அடுத்த கோச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நடுப் பெர்த்தில் அத்தையோடு ஒட்டிக்கொண்டு படுத்தேன். புரளக்கூட இடமில்லை. அத்தை என்னைச் சுவர்ப் பக்கம் விட்டு, விழாமல் இருக்கத் தன் கையை என் மேல் போட்டுக்கொண்டாள். நடுவில் விழிப்பு வந்தபோது வண்டி எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. டீ விற்கும் குரல் தூரத்தில் கேட்டது. அப்பா தூங்காமல் எங்கள் தலைமாட்டில் நின்றிருந்தார்.

"அண்ணா, பயமா கீதுண்ணா" என்றாள் அத்தை. "அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"புடிக்கலன்னா சொல்லிடு. மணையில உக்காந்தப்புறம் சொன்னாலும் சரி. கூட்டினு வந்துடறேன்."

"ஊரு என்னா பேசும்?"

"பேசிகினு கெடக்கட்டும். நீ என் தங்கச்சி."

அத்தையின் கை என்னை இறுக்கிப் பிடித்தது. எனக்குக் கழுத்தெல்லாம் ஈரம். அழுகிறாள் என்று தெரிந்தது. நான் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள் அழுத மாதிரிதானே, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று பெரிய மனுஷிபோல அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

முகூர்த்தத்தன்று அத்தை அந்தப் புடவையில் வந்து நின்றாள். எங்கள் அத்தையா இவள் என்று வாயைப் பிளந்தேன். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிற நேரம், கெட்டிமேளத்துக்குக் கை தூக்கப்போன அப்பா அப்படியே நின்று அத்தையைப் பார்த்தார். அத்தையும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்து, கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் முந்தானைக்குள் இருந்த கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். மேளம் கொட்டியது.

மறுநாள் சாயங்காலம் திரும்பும் ரயில். இந்தத் தடவை வேறு பரிசோதகர். "நாலு பேரு போட்டிருக்கே? லேடி, முப்பத்திரெண்டு வயசு, எங்க?"

"வரலைங்க சார்" என்றார் அப்பா.

"வரலைன்னா முன்னாடியே கேன்சல் பண்ணியிருக்கலாமே?"

"நேத்து காலைல வரைக்கும் தெரியாதுங்க."

அம்மா சடாரென்று திரும்பி அப்பாவைப் பார்த்தாள். டிக்கெட் அப்பா ஒருவராகப் போய் எடுத்தது. இன்னொரு சமயமாக இருந்தால் வண்டியே தடம் புரள்கிற அளவுக்குச் சண்டை நடந்திருக்கும். அன்றைக்கு அவள் பையிலிருந்து முறுக்கை எடுத்து அப்பா கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவுக்கு முகம் சிரித்துக்கொண்டிருந்தது, கண் கலங்கியிருந்தது. வீணாய்ப் போன டிக்கெட்டுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.

போகும்போதே திரும்புவதற்கு அத்தைக்கும் சேர்த்து அவர் இடம் போட்டு வைத்திருந்தார் என்பதும், தாலி கழுத்தில் ஏறும் வரைக்கும் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார் என்பதும், பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: போகும்போது என் இடத்தைப் பிடுங்கிய பாவத்துக்கு, அப்பா திரும்பும்போது எனக்கு இரண்டு இடமாக வாங்கிக் கொடுத்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை. மேல் பெர்த்துக்கும் நடுப் பெர்த்துக்குமாகக் குரங்குமாதிரி ஏறி இறங்கினேன். எர்ணாகுளம் வரும்வரை ஓயவில்லை. கடைசியில் அத்தையின் பெர்த்தில் குப்புறப் படுத்து, கீழே உட்கார்ந்திருந்த அப்பாவின் தலைக்கு நேரே முகத்தை நீட்டினேன்.

"எப்பவும் இதுமாதிரி ஒண்ணு அதிகமாவே எடுப்பா."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, என் கன்னத்தில் கை வைத்தார்.

"எடுக்கறேன் பாப்பா. உனக்கும் கண்டிப்பா எடுப்பேன்."

அடுத்த லீவுக்கு எந்த ஊர் என்று கேட்டேன்.