மூளை மாடியில இருக்கு

மடிக்கணினியைத் திறந்ததும் பிளான் அக்கா அதன் முதுகுக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவை முட்டுக்கொடுக்கிறார். கீல் போய்விட்டது, தாங்கல் இல்லையென்றால் திரை மல்லாந்துவிடும். விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளைக் காணோம். சொந்தமாக ஒரு கோடு போடக்கூட அந்தக் கிழட்டு யந்திரத்துக்குத் தெம்பில்லை. ஆனாலும் சமையலறை மேசையில் அதை வைத்துக்கொண்டுதான் ஊரில் பாதி வீடுகளுக்கு அவர் வரைபடம் போடுகிறார்.

வீடு கட்ட வருகிறவர்கள் முகம் சுளித்தால், "மூளை மாடியில இருக்குங்க. இது வெறும் கண்ணாடி" என்பார். மாடியறையில் இருக்கும் பெரிய கணினிதான் வேலையெல்லாம் செய்கிறது. அதன் திரையில் தெரிவது வைஃபை வழியாக அப்படியே இங்கே வந்துவிடும். அக்காவின் முழங்கால் படியேற மறுத்ததால் மகள் விடுமுறையில் வந்து செய்துகொடுத்த ஏற்பாடு. "புதுசு வாங்கித் தரேம்மா" என்று அவள் சொன்னதற்கு, "சும்மா இருடி, இதுக்கு என்ன கொறச்சல்?" என்று அடக்கிவிட்டார்.

அந்த மாடியறையில்தான் அவருடைய வீட்டுக்காரரும் அடைந்து கிடந்தார். முதுகு பழுதாகி லாரி ஓட்டுவதை விட்டதிலிருந்து மனிதருக்குப் பேச்சே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு "ம்". அக்கா கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், அழுதும் பார்த்தார். அசைந்துகொடுக்கவில்லை.

மகள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் மாடியிலிருந்து ஓர் அலறல். "ஏய்! இங்க திரையில அம்பு தானா ஓடுது!"

"நாந்தாங்க ஓட்டுறேன்!"

மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து, டிவி பார்ப்பதுபோல, மனைவி வரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சில நாளில் வாயும் திறந்தது.

"அந்தக் கதவ இந்தப் பக்கம் வையேன்!"

"அங்க தூண் வருதுங்க!"

"தூண தள்ளி வை!"

"வீடு உக்காந்துரும்!"

வீடு கட்ட வந்திருந்த தம்பதி அண்ணாந்து பார்த்தார்கள். "மேல யாருங்க?"

"எங்க இன்ஜினியர்" என்றார் அக்கா, சிரிக்காமல்.

நேற்று ஒரு படுக்கையறைக்குச் சுவர் போட்டுக்கொண்டிருந்தபோது அம்பு அவர் கையை மீறி நழுவியது. மாடியில் வீட்டுக்காரர் மவுஸைப் பிடித்துவிட்டார். சுவரின் நட்டநடுவில், கோணல்மாணலாக, ஒரு ஜன்னல் முளைக்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். காற்றும் வராது, வெளிச்சமும் வராது. அக்கா கத்துவதற்கு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.