ஒரே அலைவரிசையில் இருவர்

டவரிலிருந்து தவறி விழுந்து பிரின்ஸுக்கு முழங்கால் சில்லு உடைந்தபோது, அவன் நடத்திவந்த இணைய இணைப்புக் கடை இனி அவ்வளவுதான் என்று சங்கரன்கோவில் கடைத்தெருவில் பலரும் நினைத்தார்கள். அவன் மனைவி விஜிதா அப்படி நினைக்கவில்லை. சுடிதாருக்கு மேல் கணவனின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, இடுப்பில் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவளே ஏறினாள். முதல் தடவை பாதியில் இறங்கிவிட்டாள். அடுத்த வாரம் உச்சிக்கே போய்விட்டாள். சிவகிரியிலிருந்து வந்திருந்த அவள் அம்மா ஞானபூரணம் கீழே நின்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். மகள் இறங்கும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை.

குருவிகுளத்துக்கு அப்பால் ஒரு கரிசல்காட்டு ஊர். வயர் இழுத்தால் உழவு டிராக்டர் அறுத்துப்போடும். அதனால் விஜிதாவின் கடை மாடியில் ஒரு டிஷ், அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி காற்றிலேயே பேசிக்கொள்ளும். அதை நம்பித்தான் இசக்கிச்செல்வி அந்த ஊரில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தாள்.

திடீரென்று சாயங்காலமானால் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது.

"யக்கா, பேசிக்கிட்டு இருக்கும்போதே கட்டாவுது. இப்படியே போனா சென்னைக்கே வந்துருன்னு சொல்லுதாங்க. அப்பாவையும் ஆடுகளையும் யாருட்ட விட்டுட்டுப் போவேன்?" என்றாள் இசக்கிச்செல்வி போனில். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்பது விஜிதாவுக்குப் புரிந்தது.

விஜிதா டிஷ்ஷின் பவரைக் கூட்டினாள். கொஞ்ச நாள் சரியாக இருந்து, பிறகு முன்னைவிட மோசமானது. காற்றில் யார் யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி கேபிள் தொழில் நடத்தும் கோமதிநாயகம், அதே அலைவரிசையில் திருவேங்கடம் என்ற ஊருக்கு இணையம் அனுப்பிக்கொண்டிருந்தார். இவள் கூட்ட, அவரும் கூட்டியிருக்கிறார்.

"அவருகிட்ட போகாத. கடை ஆரம்பிச்சதுலருந்தே அவருக்கு நம்மளக் கண்டா ஆகாது" என்றான் பிரின்ஸ்.

"நம்ம வேலைக்கு நாமதான போகணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

கேபிள் கடையில் கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார். "சண்டைக்கு வந்தியாம்மா?"

"இல்ல அண்ணாச்சி. நாம ரெண்டு பேரும் ஒரே ப்ரீக்வென்சில நின்னு கத்துதோம். உங்க ஆளுகளுக்கும் நெட்டு சரியா வராதே?"

திருவேங்கடத்துக்காரர்கள் அன்று காலையிலும் அவரை வறுத்தெடுத்திருந்தார்கள்.

"நான் மாத்துனா எறங்கிப் போன மாதிரி ஆயிரும்லா?"

"ரெண்டு பேருமே மாத்துவோம். நீங்க மேல போங்க, நான் கீழ போறேன். அலைவரிசையில நான் எடுத்துக்கிடுத அகலத்தயும் பாதியாக்கிருதேன். ஸ்பீடு கொஞ்சம் குறையும், பரவால்ல."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அப்போதுதான் அவள் தூரம் குறித்திருந்த கட்டத்தைப் பார்த்தாள். அதிலிருந்த எண் குறைவாகப் பட்டது. "அண்ணாச்சி, திருவேங்கடத்துல டிஷ்ஷ இடம் மாத்துனீயளா?"

"போன வருசம். கரண்டு எடுக்குத காத்தாடி ஒண்ணு புதுசா வந்து மறைச்சிட்டு. ஊருக்கு அந்தப் பக்கம் கொண்டு போனோம்."

டிஷ் தள்ளிப் போயிருந்தது. செட்டிங்கில் பழைய தூரமே இருந்தது. அந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் டிஷ் பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வந்து சேருமுன்பே, போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். அவளுடைய இணைப்பைக் கெடுத்த இரைச்சலில் பாதி இப்படித் திரும்பத் திரும்ப அனுப்பியதுதான். அலைவரிசையைப் பிரித்துக்கொண்டால் அவள் பாடு தீர்ந்துவிடும். தூரத்தைப் பற்றிச் சொன்னால் அவருடைய நெட் அவளுடையதைவிட நன்றாக ஓடும். அது தெரிந்தேதான் சொன்னாள்.

இரண்டு பக்கமும் தூரத்தை, உண்மையானதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள். அடுத்து அலைவரிசை. திருவேங்கடத்து டிஷ்ஷை முதலில் மாற்றினாள். திரையில் இணைப்பு அணைந்தது.

"லைனு போயிட்டேம்மா!" என்று எழுந்தேவிட்டார் கோமதிநாயகம்.

"பொறுங்க அண்ணாச்சி. அது புது ப்ரீக்வென்சிக்குப் போயி நமக்காக நிக்கி. இங்கன உள்ளத முதல்ல மாத்தியிருந்தா, இங்கருந்து அத எட்ட முடியாது; நாம திருவேங்கடத்துக்கு பஸ் ஏறணும்."

இந்தப் பக்கத்தையும் மாற்றினாள். இருவரும் திரையையே பார்த்தார்கள். பச்சை எரிந்தது. வேகம் ஏறிக்கொண்டே போனது. கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எனக்கு எதுக்கும்மா இதச் சொன்ன?" என்றார்.

"கண்ணுல பட்டுச்சு அண்ணாச்சி. பாத்துட்டு எப்படிச் சும்மா வர?"

கடைக்குத் திரும்பித் தன் அலைவரிசையையும் இறக்கினாள். மறுநாள் இசக்கிச்செல்வி கூப்பிட்டு, முழு மீட்டிங்கும் அறுபடாமல் ஓடியதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் கோமதிநாயகமே கடைக்கு வந்தார். பிரின்ஸின் காலை விசாரித்துவிட்டு, விஜிதாவிடம் கேட்டார்:

"சிவகிரிப் பக்கம் ஒரு டிஷ் போடப் போறேன்மா. நீ எந்த ப்ரீக்வென்சில இருக்க? சொல்லு, நான் ஒதுங்கிக்கிடுதேன்."