அலைவரிசைக்கு அஞ்சலாட்சி எழுதிய பதில்

நீடராஜப்பையர் வீதியில் இருந்த பத்திரங்களை எழுதி அத்தாட்சி செய்யும் நொத்தேர் ஒருவரின் அலுவலகத்தில் பதினாறு வருடமாக அஞ்சலாட்சிதான் தட்டச்சர். கிரையப் பத்திரம், உயில், உறுதிமொழி எல்லாம் அவள் விரல் பட்டுத்தான் வெளியே போகும். நாற்பதைத் தாண்டியவள், தனி ஆள். குயவர்பாளையத்தில் அவள் குடியிருந்த சந்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கக்கூஸ். அதுவும் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். புதிதாக ஒன்று கட்டித் தரச் சொல்லி நகராட்சிக்கு எட்டு மனு அடித்துக் கொடுத்திருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அலுவலகத்துக்கு இன்டர்நெட் வந்ததும், வேலை முடிந்து ஒரு மணி நேரம் அதில் உட்கார அவளுக்கு அனுமதி கிடைத்தது. தமிழில் விவாதம் செய்யும் தளம் ஒன்றில் 'கனல்' என்ற பெயரில் சேர்ந்தாள். வரதட்சணை, சாதி, இட ஒதுக்கீடு என எதைப் பற்றியும் பிழையில்லாமல், சுருக்கென்று எழுதுவாள். எல்லோரும் அவளை ஆண் என்றே நினைத்தார்கள். மனுவுக்கு வராத பதில் இங்கே பத்து நிமிடத்தில் வந்தது. அது அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

2008 அக்டோபரில் நிலவுக்கு விண்கலம் கிளம்பியபோது தளமே இரண்டுபட்டது. கக்கூஸ் இல்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று அஞ்சலாட்சி எழுதினாள். ஏட்டில் படித்ததல்ல, தினமும் காலையில் வரிசையில் நின்று கண்டது. எதிர்த்து எழுதியவர்களில் 'அலைவரிசை' என்று ஒருவர். எழுத்தெல்லாம் பிழை. "சாட்டிலைட்டு அலை உயரம் சொல்லுது. அதை கேட்டு எங்க ஊரு போட்டுங்க கறையில நிக்குது. உசுறு மிஞ்சுது" என்று எழுதியிருந்தார்.

அஞ்சலாட்சி யோசிக்கவேயில்லை. "முதலில் 'கரை' என்று எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். நாலு வருடத்துக்கு முன் டிசம்பர் இருபத்தாறாம் தேதி உங்கள் சாட்டிலைட் எங்கே போயிருந்தது? அது தூங்கியதா, நீங்கள் தூங்கினீர்களா?" என்று அடித்து அனுப்பினாள்.

அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த பாராட்டு அதுவரை கிடைத்ததில்லை. சிரிப்புப் படங்கள் பக்கம் பக்கமாக நிறைந்தன. அலைவரிசை ஒரே வரி எழுதினார். "நான் தூங்கலை. அன்னிக்கி ஊர்ல இல்ல." அதன்பிறகு அவர் அங்கே வரவேயில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் ராஜாங்கம், பிள்ளைச்சாவடி என்றார்.

"ஒரு ராஜினாமா கடிதாசி அடிக்கணும் மேடம். தப்பில்லாம வேணும். நான் எழுதுனா சிரிக்கிறாங்க."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"எங்க ஊர்ல ஒரு தொண்டு நிறுவனம் கம்ப்யூட்டர் வெச்சிருக்குது. காலையில சாயந்தரம் அலை உயரம் பாத்து மைக்குல சொல்லுவேன். சம்பளம் கெடையாது. எம் பொண்டாட்டி சுனாமில போயிட்டா மேடம். நான் அன்னிக்கி டவுன்ல இருந்தேன். அதனாலதான் இத எடுத்தேன்."

அஞ்சலாட்சியின் விரல்கள் நின்றுவிட்டன.

"அப்புறம் ஏன் விடுறீங்க?"

"கம்ப்யூட்டர்ல ஒருத்தரு ஒரு கேள்வி கேட்டாரு. அதிலேர்ந்து மைக்கப் புடிச்சாலே தொண்டை அடைக்குது."

அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். நொத்தேர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். கடிதத்தை ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை தளத்தைத் திறந்து தன் பதிவை அழிக்கப் பார்த்தாள். பழைய பதிவை அழிக்க அங்கே வழியில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினாள். படிக்க வேண்டியவர் படிக்கவில்லை. மற்றவர்கள், "கனல் அணைந்துவிட்டதா?" என்று கிண்டல் செய்தார்கள்.

நேரில் போய்ச் சொல்வதை இரண்டு ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போட்டாள். மூன்றாவது ஞாயிறு காலாப்பட்டு பஸ் ஏறி பிள்ளைச்சாவடியில் இறங்கினாள். ராஜாங்கம் படகு நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். அடையாளம் கண்டு எழுந்தார்.

"அந்தக் கேள்வி நான்தான் கேட்டேன்" என்றாள்.

"நீங்களா? பொம்பளையா?" என்றார். கோபம் வரவில்லை. மறுபடி உட்கார்ந்து வலையைக் கையில் எடுத்தார். "நீங்க கேட்டதுல தப்பில்ல மேடம். நானே தெனம் கேட்டுக்குறதுதான். ஆனா அத்தினி பேரு சிரிச்சாங்களே..."

"திரும்பப் போங்க. எழுத்து வேலையெல்லாம் நான் செஞ்சு தரேன்."

"கம்ப்யூட்டரத் தூக்கினு பூட்டாங்க மேடம். வேற ஊருக்கு."

அஞ்சலாட்சி மணலில் நின்றாள். ராஜாங்கம் பேத்தை மீன் கடித்து அறுத்த வலைக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "வெயிலு ஏறுது, பன்னெண்டு மணி பஸ்ஸ உட்டா அப்பால ஒன்றர மணிக்குதான்" என்றார்.

அவள் கனலை அத்தோடு விட்டுவிட்டாள். நிலவுக்கு ராக்கெட் வீண்செலவு என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. கேட்டால் இப்போதும் அதைத்தான் சொல்வாள். பிள்ளைச்சாவடி ஆட்கள் யாராவது பத்திரம் அடிக்க வந்தால், வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, கடல் எப்படியிருக்கிறது என்று விசாரிப்பாள். ராஜாங்கத்தைப் பற்றிக் கேட்க அவளுக்கு வாய் வந்ததில்லை.